தண்ணீர் மாற்றம்

முதல் நாள் அவன் குடிக்கவில்லை.
பாகூர் லாயத்துச் சிமெண்ட் தொட்டியில் மூக்கை வைத்தான்,
மேலுதட்டைச் சுருட்டினான்,
மனுவில் தேதி விட்டுப்போனதுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தாசில்தார் என்று பெயர் வைத்தது நானல்ல.
எனக்கு முன் அவனை வைத்திருந்தவர்,
தேவனாம்பட்டினக் கடற்கரையில்
பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர், சொன்னார்:
தள்ளினாலும் நகராது மேடம்,
அதற்காகத் தோன்றினால் நகரும்.

கொட்டகை இருந்த மனையில்
இப்போது ஜல்லி இறக்கியிருக்கிறார்கள்.
அதனால் இங்கே.

கரும்பலகையில் ஒன்பதாவது பெயராக
பெர்னதேத் சாக்பீஸால் எழுதினார்:
தாசில்தர்.
துணைக்கால் ஒன்று விட்டுப்போயிருந்தது.
கோர்ட்டில் தட்டச்சு செய்கிறவள் நான்,
கண் அதில்தான் போய் நின்றது.
வந்த அன்றே திருத்துவதா என்று விட்டுவிட்டேன்.
ஆனாலும் குனிந்து ஒரு தரம்
நாலு காலும் இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் முழங்கால்வரை பூட்ஸ் போட்டிருந்தார்கள்.
அவர்கள் குதிரைகளின் காது நுனிகள்
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.
என்ன ஜாதி என்று கேட்டார்கள்.
கடற்கரை, என்றேன்.
வலைநூலால் தைத்த என் சேணத்தை
தைத்த பக்கம் சுவரைப் பார்க்க மாட்டினேன்.

இருதயராஜ் தொட்டியைத் தேய்த்துக் கழுவினான்,
வெல்லம் கரைத்து வைத்தான்.
ஊர்த் தண்ணி மாறினா
மனுசனுக்கே வயித்தப் புடிக்கும், என்றான்.
பாதி பழசு, பாதி புதுசு,
நாளுக்கு நாள் பழசைக் குறையுங்கள்,
இது டாக்டர், தொலைபேசியில்.

ஆகவே விடியுமுன் வீட்டுக் கைப்பம்பில் இரண்டு கேன் அடித்து
ஸ்கூட்டரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை,
இன்னும் திறக்காத மதுக்கடைகள்,
கன்னியக்கோவில் தாண்டி
நெல்வயல் வாசம் மூக்கில் ஏறும்வரை.

திரும்பும்போது ஆல்பேட்டைச் சாவடியில்
ஏட்டு மூடியைத் திறந்து மோந்தார்.
என்னம்மா கொண்டுபோனே?
தண்ணி சார்.
அவர் முகம் மாறுவதைப் பார்த்து
குதிரைக்கு, என்று சேர்த்தேன். அது இன்னும் மோசமாயிற்று.
கேனைத் தலைகீழாகப் பிடித்தார்.
ஒரு சொட்டு, பூட்ஸில்.
பாண்டியிலேர்ந்து தண்ணி கொண்டாறவனத்தான்
இருவது வருசமா புடிக்கிறோம்.
பாண்டிக்குக் கொண்டுபோற மொத ஆளு நீதான்.

கோர்ட்டில் பிரதிவாதி என்று அடிக்கும்போது
குடித்திருப்பானா.
மேற்படி சொத்து என்று அடிக்கும்போது
குடித்திருப்பானா.

ஒன்பதாம் நாள்.
தாசில்தார் தடுப்புச் சுவருக்கு மேலே கழுத்தை நீட்டி
பக்கத்துப் பெட்டை பவளத்தின் பிடரியைக்
கொறித்துக்கொண்டிருந்தான்.
நான் வந்ததற்கு ஒரு காதை மட்டும் திருப்பினான்.
இருதயராஜ் துடைப்பத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான்.

கோவிச்சுக்காதீங்க மேடம்.
மூணாம் ராத்திரியே கயித்த அவுத்துக்கிட்டு
பவளம் தொட்டிய காலி பண்ணிட்டான்.
ஒங்க தண்ணிய
கொய்யாவுக்குத்தான் ஊத்துறேன்.

ஏன் சொல்லல?

மூடிய அவ்வளவு பதமா தெறந்தீங்க.

கொய்யாச்செடியைப் பார்த்தேன்.
இலையோரமெல்லாம் கருகியிருந்தது.
கேனைச் சாய்த்து உள்ளங்கையில் ஏந்திக் குடித்தேன்.
கரிப்பு. நாக்கின் அடிவரை கரிப்பு.
நாற்பத்திரண்டு வருஷம் இதையா.
அவன் வந்து என் கையை மோந்தான்,
மேலுதட்டைச் சுருட்டினான்.

போகும் வழியில் கரும்பலகை.
சாக்பீஸ் துண்டு அடியிலேயே கிடந்தது.
த-வுக்கும் ர்-க்கும் இடையே இடம் போதவில்லை,
நெருக்கித்தான் போட்டேன், கொஞ்சம் கோணலாக,
ஒரு கால்.

சாவடியில் ஏட்டு கையைக் காட்டி நிறுத்தினார்.
முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார்.
கேன் எங்கம்மா, என்றார்,
கொஞ்சம் கவலையாக.